டிவிக்குப் பிடிபடாத குமரி மாவட்டம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு விநோதம் இருக்கிறது. தமிழ்நாட்டில் நகர்ப்புற மக்களின் விகிதம் எங்கே அதிகம் என்று பார்த்தால் முதலிடம் சென்னைக்கு. அது முழுக்க நகரம், சரி. இரண்டாம் இடத்தில் கோவையோ மதுரையோ இல்லை, கன்னியாகுமரி மாவட்டம் இருக்கிறது. இங்குள்ள 18.70 லட்சம் பேரில் நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறவாசிகள் என்கிறது கணக்கு. ஆனால் ஆரல்வாய்மொழி தாண்டி உள்ளே வரும் வெளியூர்க்காரர் கண்ணில் படுவது தென்னை, வாழை, குளம், வயல், ரப்பர் தோட்டம், இடையிடையே ஓட்டு வீடு. “நல்ல கிராமம்” என்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார். அவர் நின்ற இடம் அநேகமாக ஏதோ ஒரு பேரூராட்சியின் 7-ஆவது வார்டாக இருக்கும்.

தமிழ் டிவிக்கும் இதே குழப்பம்தான். அதனிடம் இரண்டு அச்சுகள் உண்டு. ஒன்று கிராமம்: புழுதி ரோடு, ஆலமரம், அய்யனார், வெள்ளை வேட்டிப் பெரியவர், வரப்பு, அருவாள். மற்றது நகரம்: அபார்ட்மென்ட், கார், ஐ.டி. கம்பெனி, ஆஸ்பத்திரி வராண்டா. சிறுநகரம் வேண்டுமென்றால் கிராமத்து அச்சிலேயே ஒரு மளிகைக் கடையையும் பஸ் ஸ்டாண்டையும் ஒட்டவைத்துவிடுவார்கள். குமரி மாவட்டம் இந்த இரண்டிலும் உட்காராது. அதனால் சீரியல்களில் அது ஏறக்குறைய இல்லவே இல்லை. செய்தியில் வந்தால் சூரிய உதயமாக, புயலாக, தேர்தல் கணக்காக வரும். யாரும் சதி செய்து இப்படி ஆக்கவில்லை. தூரம், பணம், பழக்கம் என்ற மூன்றையும் வைத்தே பெரும்பாலானதை விளக்கிவிடலாம்.

முதலில் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1-இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதற்கு முன் திருவிதாங்கூர், கடைசிச் சில வருஷம் திருவிதாங்கூர்-கொச்சி. கிழக்கே இருக்கிற முதல் இரண்டு தாலுகாக்களை உள்ளடக்கிய நாஞ்சில் நாட்டில் தெரு, கோயில், குளம், ஊரைச் சுற்றி வயல் என்று தமிழ்நாட்டின் மற்ற பகுதிக்காரருக்குப் பழக்கமான ஊர் அமைப்பைப் பார்க்கலாம். மேற்கே போகப்போக அது மாறிவிடும். ஒவ்வொரு வீடும் அதனதன் விளையில், அதாவது தோட்ட நிலத்தில், தனியாக நிற்கும். வீட்டைச் சுற்றித் தென்னை, பலா, அதில் ஏறிய நல்லமிளகுக் கொடி, ஒரு கிணறு, பின்பக்கம் கொஞ்சம் ரப்பர். வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் தெரு என்பதே குறைவு. மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகும் வழியில் ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைக் கடைகளின் பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழ்கிற இடம், பார்க்கத் தோப்பு மாதிரி இருக்கும்.

2011-இல் மாவட்டத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் இருந்தன. பேரூராட்சியைக் கணக்கெடுப்பு நகரமாகவே எண்ணும். 82 சதவீதத்தின் ரகசியம் அதுதான். இதை வெறும் காகிதக் கணக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிற அப்பா, வளைகுடாவில் வெல்டராக இருக்கும் மகன், நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருக்கும் மகள், அரசுப் பள்ளி ஆசிரியையான மருமகள், நாலு பேரும் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்களாக இருப்பது இங்கே சாதாரணம். அந்தக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்திலேயே அதிகம். இந்த வீட்டைக் கிராமத்து வீடு என்பதா, டவுண் வீடு என்பதா?

டிவியில் ‘பஞ்சாயத்து’ என்றால் மரத்தடியில் பத்துப் பேர் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது. எங்கள் பக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது பேரூராட்சி அலுவலகம். வீட்டுவரி கட்டுகிற ஜன்னல், குடிநீர் இணைப்புக்கு மனு, வார்டு கவுன்சிலரோடு தெருவிளக்குச் சண்டை, செயல் அலுவலர் மீட்டிங்குக்குப் போயிருக்கிறார் என்ற பதில். நாடகத்துக்கு இதில் சரக்கு இல்லையா என்றால் ஏராளம் இருக்கிறது. 2011-இலிருந்து மழவில் மனோரமா சேனலில் ஓடும் ‘மறிமாயம்’ என்ற மலையாள நகைச்சுவைத் தொடர் அரசு அலுவலகங்களை வைத்தே வருஷக்கணக்காகக் காலம் தள்ளியிருக்கிறது. தமிழில் பேரூராட்சி அலுவலகம் கதைக்களமான சீரியலை நான் பார்த்ததில்லை.

இந்தக் கிராமத்து அச்சு டிவிக்கு எங்கிருந்து வந்தது? இரண்டு வழியாக வந்தது.

முதல் வழி, அரசாங்கம். இந்தியாவில் டிவி கிராமத்துக்குள் போனதே வாத்தியார் வேலைக்குத்தான். டெல்லி தூர்தர்ஷன் 1967 ஜனவரி 26-இல் விவசாயிகளுக்கான நிகழ்ச்சியைத் தொடங்கியது. 1975 ஆகஸ்டிலிருந்து ஓராண்டு, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குப் பொது டிவி வைத்து வேளாண்மை, சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாடு என்று பாடம் நடத்தினார்கள். அந்த ஆறில் தமிழ்நாடு இல்லை. ஆனால் அதே 1975 ஆகஸ்டில் தொடங்கிய சென்னை தூர்தர்ஷனிலும் அதே மனநிலைதான். ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சியில் நிபுணர் பேசுவார், விவசாயி தலையாட்டுவார். நிகழ்ச்சி பயனுள்ளதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் கிராமத்து ஆள் என்றால் கேட்டுக்கொள்பவர், தெரியாதவர், திருத்தப்பட வேண்டியவர் என்ற இருக்கை அப்போதே போடப்பட்டுவிட்டது.

டிவிக்கும் முந்திய பார்வை இது. 1920-களில் ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்தினார். தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு என்று பலதும் அங்கே கற்றுக்கொடுக்கப்பட்டன. இன்று மார்த்தாண்டம் தேனுக்கு இருக்கிற பெயருக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. நூறு வருஷம் ஆகிவிட்டது. இப்போது தேன் பற்றி மார்த்தாண்டத்துக்காரர் மற்றவர்களுக்குப் பாடம் நடத்தலாம். ரப்பர் துளிர்க்கும் காலத்துக்குத் தேனீப் பெட்டியை எங்கே மாற்ற வேண்டும், மழை மாதங்களில் சர்க்கரைப் பாகு எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. டிவியின் விவசாய நிகழ்ச்சியில் அவர் வந்தால் இப்போதும் மைக் முதலில் போவது நிபுணரிடம்தான்.

இரண்டாவது வழி, சினிமா. 1977-இல் பாரதிராஜா கேமராவை ஸ்டுடியோவை விட்டு வெளியே இழுத்துக்கொண்டு போனபோது தமிழ்ப் படங்களின் கிராமமே மாறியது. அவர் தேனி அல்லிநகரத்துக்காரர். அதனால் அந்த மண்ணும் அந்தப் பேச்சும் தமிழ்க் கிராமத்தின் முன்மாதிரி ஆனது. அப்புறம் பொள்ளாச்சி வந்தது, அதனோடு நாட்டாமைகள் வந்தார்கள். அதற்கப்புறம் மதுரையும் அருவாளும். ஒவ்வொன்றும் வந்தபோது புதிதாக, அதனதன் ஊருக்கு உண்மையாக இருந்தது. டிவி இவற்றையெல்லாம் ஒன்றாக வாங்கி வைத்துக்கொண்டு, வேண்டியபோது வேண்டியதை எடுத்துப் போட்டுக்கொள்கிறது. பேச்சு மதுரை, வீடு செட்டிநாடு, வயல் பொள்ளாச்சி. இப்படி ஒரு கிராமம் தமிழ்நாட்டு வரைபடத்தில் எங்கேயும் கிடையாது.

1993 ஏப்ரல் 14-இல் சன் டிவி வந்தது. அதன் பிறகு தனியார் சேனல்களின் கையில் கிராமம் பாடசாலையிலிருந்து குடும்பச் சண்டைக்கு இடம் மாறியது. 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. அதற்கு முன்பே தவணையில் டிவி வாங்கிய குடும்பங்கள் எத்தனையோ. அந்தத் தவணை வியாபாரத்தில் பெரிய பெயரான வசந்த் அண்ட் கோவை 1978-இல் தொடங்கிய எச்.வசந்தகுமார் எங்கள் அகஸ்தீஸ்வரத்துக்காரர். பிற்பாடு கன்னியாகுமரி எம்.பி. ஆனார், சொந்தமாக ஒரு சேனலும் வைத்திருந்தார். தமிழ்நாட்டுக்கு டிவி பெட்டி விற்ற மாவட்டம் பெட்டிக்குள் தன்னைப் பார்க்க முடியாமல் போனது ஒரு வேடிக்கை.

சீரியல் எடுக்கிற விதத்தைத் தெரிந்துகொண்டால் பாதி விளங்கிவிடும். தினசரித் தொடர் என்பது ஓயாமல் தீனி கேட்கும் இயந்திரம். வாரத்துக்கு ஐந்து, ஆறு பகுதிகள். கையிருப்பில் இருப்பது சில நாளுக்கான பகுதிகள்தான். நடிகர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட தொடரில் தேதி கொடுத்திருப்பார்கள். அதனால் படப்பிடிப்பு வளசரவாக்கம், சாலிகிராமம், கிழக்குக் கடற்கரைச் சாலை என்று சென்னையைச் சுற்றி வாடகை வீடுகளிலேயே நடக்கும். ஹால், சமையலறை, பூஜை அறை, மாடிப்படி, வாசல். கிராமத்துக் கதை என்றாலும் இதே கதிதான். தொடங்கும்போது சில நாள் வெளியூர் போய் வயலும் கோயிலும் ஊருணியும் எடுத்து வருவார்கள். அந்தக் காட்சிகள் தீர்ந்ததும் கதை வீட்டுக்குள் போய்விடும். ‘கிராமம்’ என்பது அப்புறம் கண்டாங்கிச் சேலையிலும் பேச்சின் இழுவையிலும் மட்டும் மிச்சமிருக்கும். நெடுங்காலம் தயாரிப்பாளரே சேனலிடம் நேரத்தை வாங்கி, விளம்பரமும் அவரே பிடிக்க வேண்டும் என்ற முறை வேறு இருந்தது. அந்தக் கணக்கில் சென்னையிலிருந்து 700 கிலோமீட்டர் தள்ளி யூனிட்டைக் கூட்டிக்கொண்டு போக யாருக்குத் துணிச்சல் வரும்? போதாதற்கு இங்கே தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. காலையில் எடுத்த வெயில் மாலையில் இருக்காது.

இதையும் மீறி வெளியூரில் தங்கி எடுத்தவர்கள் உண்டு. 2010-இல் தொடங்கிய ‘நாதஸ்வரம்’ காரைக்குடியைக் களமாக வைத்தது, அந்த ஊர்த் தெருக்களும் வீடுகளும் அதில் உயிரோடு இருந்தன. ஆனால் காரைக்குடிக்கு ஒரு வசதி உண்டு. அங்குள்ள பெரிய வீடுகள் கேமராவுக்கென்றே கட்டியது போன்றவை. முற்றத்தில் வெளிச்சம் விழும், நீளமான வளவில் டிராலி ஓட்டலாம், ஒரே வீட்டுக்குள் பத்துக் குடும்பத்தை நிறுத்தலாம். கூட்டுக்குடும்பச் சீரியலுக்கு இதைவிட என்ன வேண்டும்? குமரி வீடு சின்னது. மேற்கே பழைய ஓட்டு வீடுகளில் உத்தரம் தாழ்வு, அறைகள் இருட்டு. புதிதாகக் கட்டிய வளைகுடாப் பணத்து வீடுகளோ திருவனந்தபுரத்துப் புறநகர் வீடு மாதிரி இருக்கும். இரண்டுமே தமிழ் நேயருக்குப் ‘பாரம்பரிய வீடு’ என்று தோன்றாது. பாரம்பரியத்துக்குப் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறதே என்பீர்கள். தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் அது கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. அதுவே ஒரு சீரியலுக்கான சிக்கல்.

சிறுநகரத்தைப் பொறுமையாகக் காட்ட முடியாதா என்றால் முடியும். தமிழ் மண்ணின் சாயலுள்ள கற்பனைச் சிறுநகரம் ஒன்றை இந்தியா முழுக்கப் பார்த்தது 1980-களில், மால்குடி தூர்தர்ஷனில் வந்தபோது. எழுதியது ஆர்.கே.நாராயண், எடுத்தவர் கன்னட நடிகர் ஷங்கர் நாக், எடுத்த இடம் கர்நாடகத்து ஆகும்பே, பேசிய மொழி இந்தி. நம் ஊரை அடுத்தவர் இவ்வளவு பரிவோடு காட்டியதை நினைத்து ரசிக்கலாம், கொஞ்சம் பொறாமையும் படலாம்.

தூரம், பணம் ஆயிற்று. அடுத்தது பழக்கம், அதாவது காதுக்குப் பழகிய பேச்சு. மாவட்டத்தின் மக்கள்தொகை தமிழ்நாட்டின் 7.21 கோடியில் வெறும் 2.6 சதவீதம். ஒரு சேனலின் கண்ணில் இது சிறிய சந்தை. மதுரைப் பேச்சு சென்னை நேயருக்கும் சேலத்து நேயருக்கும் சினிமா புண்ணியத்தில் பழகியது. விளவங்கோட்டுப் பேச்சைத் திருநெல்வேலிக்காரரே இரண்டாம் முறை கேட்டுத்தான் புரிந்துகொள்வார். அதனால் நாகர்கோவில் ஆள் என்று ஒரு பாத்திரம் வைத்தாலும் பொதுவான தெற்கத்திப் பேச்சு ஒன்றை, வாக்கியத்துக்கு ஒரு ‘லே’ போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். தோவாளைக்காரர் பேசுவதும் தூத்தூர்க் கடற்கரையில் பேசுவதும் அருமனையில் பேசுவதும் மூன்று விதம் என்பது வசனகர்த்தாவுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்தாலும் அதற்கு நேரமில்லை.

இன்னொரு விஷயம், இங்குள்ளவர்கள் தமிழ் டிவியை மட்டும் நம்பி இருந்தவர்கள் இல்லை. கேபிள் வருவதற்கு முன்பு ஆன்டெனாவைத் திருவனந்தபுரம் பக்கமாகத் திருப்பி வைத்த வீடுகள் மேற்கே நிறைய. 1985-இல் திருவனந்தபுரம் தூர்தர்ஷன் மலையாளத்தில் ஒளிபரப்பத் தொடங்கியது. தென்கடலோரத்தில் இலங்கையின் ரூபவாஹினியும் கிடைத்த காலம் அது. இன்றும் குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் இரவு எட்டு மணிக்கு ஒரு வீட்டில் சன் டிவியும் பக்கத்து வீட்டில் ஏஷியாநெட்டும் ஓடும். 2015-இல் தொடங்கிய ‘உப்பும் முளகும்’ என்ற மலையாளத் தொடரில் வருகிற குடும்பத்தின் வீட்டுக் கூச்சல், அடுக்களைப் பேச்சு, திண்ணையில் படுத்துக் கிடக்கும் அப்பா எல்லாம் விளவங்கோட்டுக்காரருக்கு மதுரைப் பெரிய வீட்டைவிட நெருக்கமாகத் தெரியும். அதன் பேச்சு எல்லைக்கு அந்தப் பக்கத்துத் திருவனந்தபுரத்துப் பேச்சு. மலையாளத்திலும் அந்தத் தெற்கத்திப் பேச்சு முதலில் கேலிக்குத்தான் பயன்பட்டது. மேடை நகைச்சுவையிலும் சினிமாவிலும் சிரிக்க வைத்து, பிற்பாடுதான் சாதாரண ஆட்கள் பேசும் சாதாரணப் பேச்சாக டிவிக்குள் வந்தது. நாகர்கோவில் பேச்சு தமிழில் இன்னும் முதல் கட்டத்திலேயே நிற்கிறது.

டிஆர்பி அளக்கும் பார்க் அமைப்பு 2015-இல் அளவைத் தொடங்கியது, அதே ஆண்டு அக்டோபரிலிருந்து கிராமப்புற வீடுகளையும் அளவையில் சேர்த்தது. அதற்குப் பின் கிராமத்து நேயர்கள் எண்ணிக்கையாகச் சேனல்களின் கண்ணுக்குத் தெரிந்தார்கள். கிராமத்துக் கதைகளின் மவுசும் கூடியது. ஆனால் எந்த வீடு கிராமம், எது நகரம் என்று பிரிப்பதற்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான் அடிப்படை. அந்தக் கணக்கில் எங்கள் ரப்பர் தோட்டத்து வீடு நகரம். மலையாள சேனல் பார்க்கிறவராக இருந்தாலும் தமிழ்நாட்டுச் சந்தை.

கதைக்குப் பஞ்சமா என்றால், இந்த மாவட்டத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது. பொன்னீலன் 1994, தோப்பில் முகமது மீரான் 1997, நாஞ்சில் நாடன் 2010 என்று சாகித்திய அகாதெமி விருது வாங்கியவர்களே வரிசையாக இருக்கிறார்கள். ஹெப்சிபா ஜேசுதாசன் பனையேறிகளின் வாழ்க்கையை எழுதினார், மீரான் தேங்காய்ப்பட்டணத்துக் கடலோர முஸ்லிம்களை எழுதினார். நாஞ்சில் நாட்டில் வெள்ளாளர் குடும்பங்களில் சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போகிற மருமக்கள்வழி முறை 1920-கள் வரை சட்டப்படி இருந்தது. தேரூர் கவிமணி அதைக் கிண்டல் செய்து நீண்ட கவிதையே எழுதினார். மாமன் சொத்துக்கு மருமகன் காத்திருக்க, பெற்ற பிள்ளை வெறுங்கையோடு நிற்க, நடுவில் மனைவியர் படும் பாடு. ஆயிரம் எபிசோட் ஓடுகிற கதை, வில்லனைத் தனியாகத் தேட வேண்டிய அவசியமே இல்லை. ஒரு சேனலும் தொடவில்லை.

இன்றைய கதைகளும் உண்டு. அண்டி ஆபீஸ் என்று இங்கே சொல்வது முந்திரிப்பருப்பு ஆலையை. காலையில் தூக்குவாளியோடு பஸ் ஏறி, நாள் முழுக்கக் கொட்டை உடைத்து, தோல் உரித்து, விரல் நுனி கறுத்து வீடு திரும்பும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் சம்பளத்தில் படித்த மகள்கள்தான் பலர் இன்று நர்சுகள். சீரியலில் வேலைக்குப் போகும் கிராமத்துப் பெண் என்றால் ஒன்று கலெக்டர் ஆக வேண்டும், அல்லது இட்லிக் கடை போட்டுக் கோடீஸ்வரி ஆக வேண்டும். அண்டி ஆபீசில் பி.எஃப். பணத்துக்காக அலைகிற பெண்ணுக்கு அங்கே இடமில்லை.

சரி, செய்திக்கு வருவோம். செய்திச் சேனல்களுக்குக் கன்னியாகுமரி என்றால் விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர் சிலை, 2024 டிசம்பரிலிருந்து இரண்டுக்கும் நடுவில் கண்ணாடிப் பாலம். சபரிமலை சீசனில் கூட்டம், கோடையில் திற்பரப்பு அருவி. தேர்தல் வந்தால் எந்தச் சமூகத்து ஓட்டு எந்தப் பக்கம் என்று மதவாரியாகக் கூட்டிக் கழிக்கும் விவாதம். பல சேனல்களில் மாவட்டச் செய்தியாளருக்கு மாதச் சம்பளம் கிடையாது, செய்தி ஒன்றுக்கு இவ்வளவு என்பதுதான் ஏற்பாடு. அனுப்புவது ஓடினால் காசு. அதனால் எது ஓடும் என்று அவருக்குத் தெரியுமோ அதைத்தான் அனுப்புவார். குமரியில் மட்டி வாழைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது அரை நிமிடம் ஓடும். முக்கடலில் சூரியன் உதித்தது வருஷம் தவறாமல் இரண்டு நிமிடம் ஓடும்.

2017 ஒக்கிப் புயலில் இந்தப் பழக்கத்தின் விலை தெரிந்தது. நவம்பர் 30-ஆம் தேதி காற்று அடித்தது. டிவிகள் காட்டிய மீனவர் யார்? கட்டுமரம், வலை, குடிசை, காலையில் போய் மாலையில் திரும்பும் ஏழை. அப்படிப்பட்டவர்களும் உண்டுதான். ஆனால் நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை இருக்கும் தூத்தூர் பகுதி மீனவர்கள் வேறு ரகம். சுறாவும் சூரையும் பிடிக்க, ஐஸ் நிரப்பிய பெரிய விசைப்படகில், ஜிபிஎஸ்ஸோடு வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடப்பவர்கள். கொச்சியிலிருந்து புறப்படுவார்கள், லட்சத்தீவு, குஜராத் வரை போவார்கள். புயல் எச்சரிக்கை வந்தபோது அவர்கள் கரையை விட்டுப் பல நாள் ஆகியிருந்தது, வயர்லெஸ் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். வழக்கமான டிவி மீனவனையே மனதில் வைத்திருக்கும் நேயருக்கு ‘எச்சரிக்கை விட்டும் ஏன் போனார்கள்?’ என்றுதான் கேட்கத் தோன்றும். கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில், எத்தனை நாளாகத் தேட வேண்டும் என்பதுதான் அப்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அது ஸ்டுடியோவுக்குப் புரியச் சில நாட்கள் பிடித்தன. டிசம்பர் 7-இல் ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்த பிறகு கேமராக்கள் திரும்பின. நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர்கள் திரும்பவே இல்லை.

அதே புயலில் உள்பகுதியில் ரப்பரும் வாழையும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லை. நாடு முழுக்க டிவியில் குமரி மாவட்டம் ஓடிய அந்த வாரத்தில் மாவட்டத்தின் பல வீடுகளில் டிவியே ஓடவில்லை. என்ன காட்டினார்கள் என்பதை வெளியூர்ச் சொந்தக்காரர்கள் போனில் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள். ரப்பர் மரம் நட்டால் பால் தர ஏழு வருஷம் ஆகும். சாய்ந்த தோட்டத்தின் கணக்கைச் சொல்ல அலைமோதும் கடலைப் பின்னணியாக வைத்து நின்ற நிருபருக்குத் தோன்றவில்லை.

இத்தனைக்கும் உள்ளூர்க் குரலை நம்பிய ஊடகம் இங்கே இருந்தது. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30-இல் நாகர்கோவிலில்தான் தொடங்கியது. நிகழ்ச்சியில் பேசுகிறவரும் கேட்கிறவரும் ஒரே மாவட்டம். வில்லுப்பாட்டும், மீன்பிடிச் செய்தியும், பள்ளிப் பிள்ளைகளின் நாடகமும் ஊர்ப் பேச்சிலேயே வந்தன. டிவியில் அதற்கு இணையான முயற்சி அரசிடமிருந்து வரவில்லை. அந்த இடத்தை நிரப்பியவை உள்ளூர் கேபிள் சேனல்கள், இப்போது யூடியூப் சேனல்கள். கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா, மண்டைக்காட்டுக் கொடை, ஊர் அம்மன் கோயிலில் விடிய விடிய நடக்கும் வில்லிசை, பள்ளி ஆண்டு விழா, கல்யாணம், தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் குழந்தைகள், கீழே ஓடும் மரண அறிவிப்பு, நடுநடுவே நகைக்கடை விளம்பரம். வெட்டும் கிடையாது ஒட்டும் கிடையாது, மூன்று மணி நேரம் தேர் நகர்வதை மூன்று மணி நேரமும் காட்டுவார்கள். வெளியூர்க்காரருக்குத் தூக்கம் வரும். வளைகுடாவிலிருந்து பார்க்கிற மகனுக்குத் தேருக்குப் பின்னால் அம்மா நடந்து போவது தெரியும்.

இந்த உள்ளூர்க் காட்சிதான் குமரி வாழ்க்கையின் உண்மையான படம் என்று நானும் சில காலம் சொல்லிக்கொண்டு திரிந்ததுண்டு. படம் உண்மைதான், ஆனால் அதற்கு வாய் கிடையாது. விளம்பரம் தருகிற நகைக்கடையும், விழா நடத்துகிற கமிட்டியும், பார்க்கிற சொந்தக்காரரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். யாரையும் முகம் சுளிக்க வைக்க முடியாது. அதனால் குடி, வட்டிக் கடன், மலையைப் பெயர்த்து எல்லை தாண்டிப் போகும் கல் லாரிகள், இவையெல்லாம் விழா வீடியோவில் வராது. முக்கியமாக வரதட்சணை. படிப்பில் மாநிலத்திலேயே முன்னால் நிற்கிற மாவட்டத்தில் மாப்பிள்ளைக்கு நகையும் ரொக்கமும் பேசுவது கொஞ்சமும் கூச்சமில்லாமல் நடக்கிறது; பெண் படித்திருந்தால் மாப்பிள்ளை இன்னும் படித்திருக்க வேண்டும், அதற்குத் தக்கபடி தொகை ஏறும். கல்யாண வீடியோவில் மணப்பெண்ணின் நகை முழுக்கத் தெரியும், அதற்காக விற்ற விளை தெரியாது. அதைப் பற்றி வாய்விட்டுப் பேசுவது, மாமியாரை வில்லியாக்கி, பின்னணி இசையை மூன்று முறை முழங்கவிட்டுப் பேசினாலும் பேசுவது, வளசரவாக்கத்து வாடகை வீட்டில் மதுரைப் பேச்சில் எடுத்த அந்தச் சீரியல்தான். எங்கள் பக்கத்துப் பெண்கள் இரவில் அதன் முன்னால் உட்கார்வதற்கு அதுவும் ஒரு காரணம்.